மிக்கேல் சம்மனசின் அடி

பெரிய வியாழக்கிழமை காலையில், பூந்தமல்லி மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசையில், அன்னம்மாள் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் வழிவிட ஆளில்லாமல் போயிற்று. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலிட்டாள்.

"சாமி, எம் புருசன அட்ச்சிட்டேன்."

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் கேட்டார்.

"எதால அடிச்சே?"

"சவுக்கு வெறகு, சாமி."

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் நடந்தது அது. காட்டுப்பாக்கத்தில் மாட்டுவண்டி ஓட்டும் அவள் புருஷன் ராயப்பன் வண்டியை அவிழ்த்ததும் கள்ளுக்கடைக்குப் போவான். வீட்டுக்கு வந்ததும் கஞ்சிப்பானையை உதைப்பான். மூன்றாவது பானை உடைந்த மறுநாள் அந்தியில், அன்னம்மாள் விறகுக்கட்டோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். முன்னால் அவன் அவளையே பழித்துப் பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டு தள்ளாடிப் போனான். கட்டிலிருந்து ஒரு விறகை உருவினாள். முதுகில் ஒரே போடு. சேற்றில் குப்புற விழுந்தான்.

விடிந்ததும் ஊரே கேட்கிறாற்போல் ராயப்பன் சொன்னான்: வெள்ளை உடுப்போடு, தேவதூதரான மிக்கேல் சம்மனசு வானத்திலிருந்து இறங்கிவந்து தன்னை அடித்துவிட்டதாம். அன்றிலிருந்து கள் இல்லை, பானையும் உடையவில்லை. நெமிலிச்சேரியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அவன் முதுகுத் தழும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்தவளே அன்னம்மாள்தான்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். தடுப்புக்குப் பின்னால் சாமியார் இருமினார். இருமல்தானா என்று அவளுக்குச் சந்தேகம்.

"அடிச்சதுக்கு மனசு வருந்தி மனஸ்தாபப்படுறியாம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். பாவத்தைச் சொல்ல வந்த இடத்திலேயே இன்னொன்றைச் சேர்ப்பதா?

"இல்ல சாமி. நெனச்சா சந்தோசமாத்தான் கீது."

"மனஸ்தாபம் இல்லாம மன்னிப்பு எப்படித் தர்றது? வெளியே உக்காந்து யோசிச்சிட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்."

வெளியே புங்கமர நிழலில் உட்கார்ந்தாள். வருத்தத்தை எங்கே தேடுவது? அந்த மூன்று பானைகள்தான் நினைவுக்கு வந்தன. அப்புறம் நேற்று நடந்தது வந்தது. ஐந்து வயது மகள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். அடிக்கப் போகிறாளா என்று அம்மாவின் கையைப் பார்க்கவில்லை குழந்தை. வானத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது.  அன்னம்மாள் எழுந்து உள்ளே ஓடினாள்.

"சாமி, நான் அட்ச்சத ஆண்டவர் தலைல போட்டுட்டேன். அவரு தடி எட்த்துகினு நிக்கறார்னு எம் பொண்ணு பயப்படுது." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"சரி. அடிச்சதுக்கு?"

மூக்கைச் சிந்திக்கொண்டு யோசித்தாள். "கொஞ்சம்."

"கொஞ்சம் போதும். மீதியை ஆண்டவர் போட்டுக்குவார்."

லத்தீனில் சாமியார் சொன்ன மன்னிப்பு ஜெபம் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கிவைத்தது போலிருந்தது. பாவத்துக்கு அபராதமாக ஐந்து முறை பரலோக மந்திரம் சொல்ல வேண்டும். எழும்போது கேட்டாள்: "எம் புருசனாண்ட சொல்லணுமா சாமி?"

"கட்டளை இல்லை. சொல்றதுன்னா, கைக்கு எட்டாத தூரத்துல நின்னு சொல்லு."

வெளியே ராயப்பன் வண்டியோடு காத்திருந்தான். அவள் சாலைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

"யோவ், அது சம்மனசு இல்ல. நாந்தான்."

ராயப்பன் மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும்."

"தெரியுமா?"

"சம்மனசு வளையல் போட்டுகினா வரும்? பொண்டாட்டி அட்ச்சானு ஊர்ல சொல்லச் சொல்றியா?"

"அப்ப கள்ள ஏன் உட்ட?"

அவன் வண்டியை விட்டு இறங்கினான். "ஓடுன நீ திரும்பி வந்து, எம் மூக்காண்ட கை வெச்சு மூச்சு கீதான்னு பாத்தே. அதுக்கப்பறம் குடிக்க முடில."

அதை அவள் சாமியாரிடம் சொல்லவில்லை; பாவத்தில் சேராது என்று விட்டிருந்தாள்.

"சாமியார் உள்ள கீறாரா?" என்றான் ராயப்பன். "எங்கிட்டயும் பாவம் கீது. மூணு பான, ஒரு சம்மனசு."

கயிற்றை அப்படியே போட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கோயிலுக்குள் போனான். அன்னம்மாளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், மாடுகள் ஆளில்லாத வண்டியை இழுத்துக்கொண்டு, மணி குலுங்க, காட்டுப்பாக்கம் சாலையில் தாமாகவே போய்க்கொண்டிருந்தன. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினாள்.