கிராமம் ஜெயித்தே ஆக வேண்டும்

மனித குலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. பூமியைச் சூடேற்றுவது நகரமா கிராமமா என்கிற மாபெரும் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கண்டுபிடித்தவர், சூழலியல் ஆய்வு மையம் ஒன்றின் இயக்குநர். வெளிநாட்டு மாநாடு ஒன்றில் மைக்கைத் தட்டிப் பார்த்த கையோடு கண்டுபிடித்தார். "நகரத்துக் குடும்பத்தின் கார்பன் தடத்தில் கிராமத்துக் குடும்பத்துக்குப் பாதிகூட இராது" என்றார். பணம் தரும் அமைப்பைச் சேர்ந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரே ஒரு சில்லறை வேலைதான் பாக்கி இருந்தது: அதை அளந்து பார்ப்பது.

சில்லறை வேலைகளுக்கென்றே மையத்தில் ஒருவன் இருந்தான். அலுவலகத்தில் அவனுக்கு மீட்டர் என்று பெயர். எந்தப் பிளக் எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவான். ஒப்பந்த ஊழியன், ஒப்பந்தம் முடியப்போகிறது. முடிந்தால் சம்பளம் போகும். அதுகூடப் பரவாயில்லை, கூடவே மருத்துவக் காப்பீடும் போகும். அவன் மனைவியைச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். காப்பீடு இருந்தால் மெஷின் ஓடும். மெஷின் ஓடினால் அவள் இருப்பாள்.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"என்னப்பா, ரெண்டு குடும்பம் வேணும். ஒண்ணு டவுன்ல, ஒண்ணு கிராமத்துல. வெளியாளைப் பிடிச்சா ஆயிரம் கேள்வி கேப்பான். உன் மச்சினன் டவுன்லதானே இருக்கான், பொண்டாட்டியோட?"

"ஆமா சார்."

"அப்ப நீ உன் பொண்டாட்டியோட கிராமத்துக்குப் போயிடு. வீடு மையம் தரும். கிராமம் ஜெயிச்சுட்டே இருந்தா திட்டம் நடக்கும், திட்டம் நடக்கிற வரைக்கும் நீ இருப்பே."

"சார், அவளுக்கு வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரி…"

"நல்ல காத்து, நல்ல தண்ணி. ஆஸ்பத்திரியே மறந்துடும் பாரு."

சிறுநீரகத்துக்குக் காற்று வைத்தியம் செய்யத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். மீட்டர் கையெழுத்துப் போட்டான்.

கிராமத்து வீட்டில் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு அளவுகருவி பொருத்தினார்கள். அடுப்புக்கு, தண்ணீர் மோட்டாருக்கு, அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வாடகைக் காருக்கும்கூட. நகரத்தில் மச்சினன் வீட்டிலும் அப்படியே. இரண்டு வீட்டுக் கார்பன் கணக்கும் மைய அலுவலகத் திரையில் இரண்டு தூண்களாக நிற்கும். கிராமம் பச்சை, நகரம் சிவப்பு. நிறத்தை இயக்குநரே தேர்ந்தெடுத்தார்.

முதல் வாரமே பச்சை, சிவப்பைக் குனிந்து பார்க்கும் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது.

மச்சினன் இருப்பது புறாக்கூண்டு மாதிரி ஒரு அடுக்குமாடி வீடு. கீழே கடை, மூலையில் பஸ், எதிரே ஆஸ்பத்திரி. கிராமத்து வீட்டுக்கோ மாத்திரையிலிருந்து சோப்பு வரைக்கும் எல்லாமே சக்கரத்தில்தான் வந்தாக வேண்டும். இது போதாதென்று வாரம் மூன்று தடவை கார், மச்சினன் வீட்டுக்கு எதிரே இருக்கும் அதே ஆஸ்பத்திரிக்கு.

மச்சினன் போன் செய்தான். "மாமா, உலகத்தைக் காப்பாத்தற வேலை எப்படிப் போகுது? இங்க ஏசியைப் போட்டு, குளிருதுன்னு போர்வையும் போத்திட்டுப் படுத்திருக்கேன். அப்பவும் உங்களைவிட நான்தான் யோக்கியனாமே?"

"மாப்ளே, உனக்குப் புண்ணியமாப் போகும். எதையாவது போட்டு எரிடா. ஹீட்டரை அணைக்காம விட்டுடு."

"எரிச்சுடலாம், பில்லு கட்டறது யாரு? பேசாம அக்காவை இங்க அனுப்புங்க. ரோட்டைத் தாண்டினா ஆஸ்பத்திரி."

"அவளை அனுப்பிட்டா இங்க குடும்பம் ஏதுடா? திட்டம் கவுந்துடும்."

மச்சினன் "நல்ல திட்டம் மாமா" என்று வைத்துவிட்டான்.

மீட்டர் சிக்கனத்தில் இறங்கினான். ஃபிரிட்ஜ் அணைந்தது. வெந்நீர் நின்றது. மின்விசிறி ஓய்வு பெற்றது. வாஷிங் மெஷினுக்குப் பதில் அவனே தோய்த்தான். பகலில் அலுவலகம் போய்த் திரையைப் பார்ப்பான், சாயங்காலம் வந்து எதை அணைக்கலாம் என்று வீட்டைச் சுற்றி வருவான்.

"மூச்சு விடறது ஒண்ணுதான் பாக்கி" என்றாள் அவள். "அதுலயும் கார்பன் வருதாமே?"

"அதைக் கணக்குல சேர்க்கலடி."

"உங்க சார் மறந்திருப்பாரு. ஞாபகப்படுத்தி வைக்காதீங்க."

சிரித்தார்கள். பச்சை அசையவில்லை. ஃபிரிட்ஜும் விசிறியும் அதற்குக் கொசுக்கடி. அதைத் தூக்கி நிறுத்தியிருந்தது கார்.

மீட்டர் இயக்குநரிடம் போய் நின்றான். "சார், அந்த ஆஸ்பத்திரிப் பயணத்தை மட்டும் கணக்குலேர்ந்து எடுத்துடலாமா?"

இயக்குநரின் முகம் சிவந்தது. "எடுக்கறதா? அறிவியல் நேர்மைன்னு ஒண்ணு இருக்குப்பா! எண்ணைத் திருத்தறது பாவம். வாழ்க்கையைத் திருத்திக்கோ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பணம் தர்றவங்க அடுத்த வாரம் நேர்ல வர்றாங்க. பச்சை இறங்கலேன்னா நீ இறங்கிடுவே."

அன்று சாயங்காலம் அதை அவன் அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம். "எல்லாம் பண்ணியாச்சு. காரு ஒண்ணுதான்டி இடிக்குது" என்றான். அவள் "அப்படியா" என்றாள்.

அடுத்த வாரம் பச்சை இறங்கியது. இறங்கியது என்றால் மாடிப்படியில் கால் தவறியதுபோல் இறங்கியது. அலுவலகமே திரைக்கு முன்னால் கூடிவிட்டது. இயக்குநர் மீட்டரின் முதுகில் தட்டினார். "பாத்தியா? மனசு வெச்சா முடியும்!" மீட்டர் எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தான். எந்தக் கருவி எவ்வளவு காட்டுகிறது என்று பிரித்துப் பார்ப்பது அவனுக்கு அரை நிமிஷ வேலை. பார்க்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் மறுபடி ஏறிவிடுமோ என்று பயந்தான்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கார் டிரைவர் எதிர்ப்பட்டார்.

"என்ன சார், அக்கா வேற வண்டி பேசிட்டாங்களா? ஆபீஸ் கார் வருதுன்னு சொல்லி இந்த வாரம் பூரா என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?"

மீட்டர் ஓடினான்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. முகம் ஊதியிருந்தது; வாரம் பூரா திரையையே பார்த்தவன் அதை இப்போதுதான் பார்த்தான். பாதத்தில் விரல் வைத்தால் குழி அப்படியே நின்றது.

"பச்சை இறங்கிச்சா?" என்றாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணே?"

"கார்ல போனா காப்பீடு போகுது. காப்பீடு போனா மெஷின் போகுது. சுத்திச் சுத்தி அதே இடத்துக்குத்தான் வந்து சேருது. அந்த இடத்துக்குப் போறதுக்கு எதுக்கு காருன்னு…" மேற்கொண்டு சொல்ல மூச்சு போதவில்லை.

டிரைவர் பின்னாலேயே வண்டியைக் கொண்டுவந்திருந்தார். இருவருமாக அவளைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். கார் கிளம்பியதும் முன்னால் பொருத்தியிருந்த கருவி பச்சையாகக் கண் சிமிட்டத் தொடங்கியது.

"சார், இது எண்ணுதே. உங்களுக்குச் சிக்கலாகாதா?" என்றார் டிரைவர். விவரம் அறியாமல் நல்ல மனதோடு கேட்டார்.

மீட்டர் அதை ஒயரோடு பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தான். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரு அளவுகருவிக்கு அவன் செய்த முதல் துரோகம்.

"மிதிங்க!" என்றான்.

ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர் வெளியே வந்து கேட்டார்: "நுரையீரல்ல தண்ணி ஏறியிருக்கு. இத்தனை நாளா ஏன் கூட்டிட்டு வரலை? தூரமா?"

ரோட்டைத் தாண்டி ஓடிவந்த மச்சினன் காலில் செருப்புகூட இல்லை. மீட்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கண் திறக்கவில்லை. இரண்டு பேரும் அந்த நாற்காலிகளை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் காலை இயக்குநர் போன் செய்தார்.

"எங்கேப்பா போயிட்டே? பச்சை தரையோட தரையா இருக்கு! பணம் தர்றவங்க வந்து பாத்து எழுந்து நின்னு கைதட்டினாங்கப்பா! உன் ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லிட்டேன்."

"சார், அவ ஐசியூவுல இருக்கா. எதுவும் சொல்ல முடியாதுங்கறாங்க."

"அடடா. கவலையே படாதே, அதான் காப்பீடு இருக்கே!"

அன்று மாலை மையத்தின் அறிக்கை வெளியானது. கிராமத்து எளிய வாழ்வே பூமிக்கு உகந்தது என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியிருப்பதாகவும், அளவீடுகள் முற்றிலும் துல்லியமானவை என்றும் அதில் கண்டிருந்தது.

துல்லியமானவைதான். அந்த வீட்டில் யாரும் இல்லை.