வேலியோரம் விட்ட கனிகள்

கார்த்திகைக் காலை. சேலத்துச் சமவெளியை வெயில் முன்னரே பற்றிக்கொண்டிருக்க, சேர்வராயன் மலைத்தொடரோ தன் மடிப்புகளில் தேங்கிய பனியை விட்டுக்கொடுக்க மனமின்றிக் கிடந்தது. குப்பனூர் வழியே மேலேறும் சாலை, வளைவுக்கு வளைவு மறைந்தும் தோன்றியும், மிளகுக்கொடி சுற்றிய நெடுமரங்களின் இடையே புகுந்தும், ஏற்காட்டு ஏரிக்கரையை அடைந்து இளைப்பாறியது. அங்கிருந்து கிளியூரை நோக்கிச் சரியும் மலைப்பக்கமெங்கும், குளம்பி என்று நாம் எழுதினாலும் காப்பி என்றே அம்மக்கள் அழைக்கும் செடி, கிளைதோறும் செங்கனி நெருங்கச் சுமந்து, பறிப்போர் கைகளுக்குக் காத்து நின்றது. கற்றறிந்த அன்பரே, இவ்வழகில் நெடுநேரம் நிற்க உமக்கு விருப்பம் இருக்கும், எனக்கு இல்லை. இம்மலையில் நல்லவர் ஒருவர் செய்த தீமையைச் சொல்லவே வந்தேன்.

அவர் பெயர் பாக்கியநாதன். கிளியூர்ச் சரிவில் பெருந்தோட்டம் ஒன்றின் கண்காணி; முப்பது பெண்கள் கனி பறிப்பதை மேற்பார்ப்பவர். பொய் சொல்லாதவர், குடியாதவர், ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் செல்பவர். ஒருநாள் மட்டும் கிறித்தவனாய் இருந்து மாளக்கூடாது, மற்ற ஆறு நாள் உழைப்பும் ஆண்டவர்க்குரிய வழிபாடாக வேண்டும் என்னும் ஏக்கம் அவரை நெடுநாளாய் அரித்துவந்தது. அவ்வேக்கத்தை நான் பழிக்கவில்லை, அது உயர்ந்ததே. அறுவடையின்போது வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமலும், சிந்தியதைப் பொறுக்காமலும், ஏழைக்கும் அயலார்க்கும் விட்டுவிட வேண்டும் என்று திருமறை பணிப்பதை ஒருநாள் கோயிலில் கேட்டார். கேட்டவுடன், தம் வேலைக்கும் நம்பிக்கைக்கும் பாலம் கிடைத்துவிட்டதென மகிழ்ந்து, வேலியோரத்து இரண்டு வரிசைச் செடிகளைப் பறிக்க வேண்டாம், உதிர்ந்த கனியையும் தொட வேண்டாம் என்று ஆணையிட்டார். சென்னையில் வாழும் தோட்ட உரிமையாளர்க்கு அவ்விரண்டு வரிசை ஒரு பொருட்டாகப் படவில்லை.

வேலிக்கு அப்பால், கண்ணாயி என்னும் கைம்பெண்ணின் சிறுநிலம்; அதிலும் காப்பியே. கணவன் மறைந்த பின் பன்னிரண்டு ஆண்டுகள், எவர் தோட்டத்திலும் கூலிக்குச் செல்லாமல் அவள் தலைநிமிர்ந்து வாழ்ந்தது அந்நிலத்தால்தான். ஏழை என்றும் அயலாள் என்றும் பாக்கியநாதன் தம் மனத்தில் குறித்து வைத்தது அவளையே. அவளோ கனி பறிக்க வரவில்லை; வேலியருகே வந்து நின்று வேறொன்று கேட்டாள்.

“ஏனுங்க மேஸ்திரி, செடியிலயே காய உட்டுப்போட்டீங்களே. காயத் தொளைக்கற வண்டு அதுல நொம்பச் சேந்துக்குமுங்க. நெலத்துல கெடக்கறதயும் பொறுக்கிப்போடச் சொல்லுங்க.”

“அது உங்களுக்குன்னு உட்டதுங்கக்கா. வந்து பறிச்சுக்குங்க.”

“எனக்கு எங்காடே போதுமுங்க. அதப் பறிச்சு முடிக்கவே ஆளில்லாமக் கெடக்கறன். வண்டு வேலி தாண்டி எங்காட்டுக்கும் வந்துருமுங்க.”

“கடவுளுக்காக உட்டதக் கடவுள் பாத்துக்குவாருங்கக்கா” என்றார் பாக்கியநாதன்.

அவள் மறுத்ததைச் செருக்கென்று எண்ணி வருந்தி, அன்றிரவு அவளுக்காக இறைவேண்டலும் செய்தார். மற்ற ஏழைகளும் வரவில்லை. பறிப்புக் காலத்தில் கூலிக்கே ஆள் கிடைக்காத மலையில், பிறர் தோட்டத்து உதிரியைப் பொறுக்க எவருக்கு ஓய்வு உண்டு? கனிகள் செடியிலேயே கறுத்து வற்றித் தொங்கின. அவற்றைக் காணுந்தோறும் அவர் நெஞ்சு குளிர்ந்தது. பங்குத்தந்தை மறையுரையில் அவரை எடுத்துக்காட்டாகச் சொல்ல, அவர் படம் கைப்பேசிகளில் உலா வந்தது. அதே தோட்டத்தில் கனி பறிக்கும் அவர் மனைவி இன்பமேரி மட்டும், “அந்தக்கா சொன்னது மெய்தானுங்க. எங்கப்பன் ஊட்டுக் காட்டுலயும் இப்பிடித்தான் வந்துச்சு” என்றாள். நம்பிக்கை குன்றியவள் என்று சொல்லி அவள் வாயை அடைத்தார். மரபாய் வந்த அறிவு இருமுறை அவர் கதவைத் தட்டியது. இருமுறையும் அவர் செபித்துக்கொண்டிருந்தார்.

கடுகினும் சிறிய அக்கரிய வண்டு, வற்றிய கனிகளில் குடியிருந்து பெருகி, கோடைமழைக்குப் பின் புதுக்காய் திரண்டதும் புறப்பட்டது. பெருந்தோட்டத்துக்கு மருந்தும் ஆளும் இருந்தமையால் அது தப்பிப் பிழைத்தது. கண்ணாயிக்கு இருந்தவை இரண்டு கைகள். காய்க்குக் காய் நுனியில் ஊசி குத்தினாற்போல் ஒரு துளை; பிளந்தால் உள்ளே பருப்பு அரிபட்டுத் தூளாய் உதிர்ந்தது. வாங்க வந்தோர் ஒரு கை அள்ளிப் பார்த்துக் கீழே கொட்டிவிட்டுப் போயினர். அந்தப் பருவமும் அடுத்த பருவமும் அப்படியே கழிய, நிலத்தை இன்னொருவர்க்குக் குத்தகைக்கு விட்டு, ஒரு காலையில் இடுப்பில் பை கட்டிக்கொண்டு பாக்கியநாதன் மேற்பார்க்கும் பறிப்புப் பெண்களின் வரிசையில் கடைசி ஆளாக வந்து நின்றாள் கண்ணாயி.

ஓரம் விடும் ஆணை அதற்குள் கைவிடப்பட்டிருந்தது; அன்று வேலியோரமே அவள் பங்குக்கு வந்தது. ஒரு கனியும் கிளையில் எஞ்சாமல் பறித்து, உதிர்ந்ததையும் குனிந்து குனிந்து பொறுக்கியெடுத்து அவள் நகர்வதைச் சற்றுத் தொலைவில் நின்று கண்ட பாக்கியநாதனுக்கு, இரண்டாண்டுகளாய்த் தமக்குத் தாமே சொல்லிவந்த ஆறுதல்கள் எல்லாம் கசந்துபோயின. அருகே சென்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, கடவுளுக்குன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். அவரு பேரால கேக்கறன், மன்னிச்சுப்போடுங்க.”

கண்ணாயி நிமிரவில்லை. “சாமிய எதுக்குங்க இதுல இழுக்கறீங்க? நானு அவருகிட்ட ஒண்ணும் சொல்லலீங்களே. உங்ககிட்டத்தானுங்க சொன்னன்.”

சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

உழைப்பை வழிபாடாக்கப் புறப்பட்ட அவர், அவ்வுழைப்பை அறிந்தோர் சொல்லுக்குச் செவிசாய்ப்பதும் வழிபாடே என்பதை எண்ணவில்லை. தம் ஈகைக்கு ஓர் ஏழை வேண்டியிருந்தது. இல்லாத ஏழையை அவரே உண்டாக்கிவிட்டார். அந்த வாரமே பாவமன்னிப்புக்குச் சென்று, நடந்ததையெல்லாம் சொல்லி அழுதார். இறைவன் உன்னை மன்னித்துவிட்டார், மன அமைதியோடு போ என்றார் பங்குத்தந்தை. மன்னித்திருக்கலாம், அன்பரே. கண்ணாயி மறுநாளும் கூலிக்கு வந்தாள்.