பாலம்மாளின் நீக்கப்பட்ட வாக்கியங்கள்

சட்டசபையில் பாலம்மாள் பேசி, அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட வாக்கியங்கள் அடுத்த வருஷத்துத் தினசரி காலண்டரில் எமகண்டத்துக்குக் கீழே, சூலத்துக்கு மேலே அச்சாகி வந்தன. சிவகாசிப் பக்கத்து ஆனைக்குட்டத்துக்காரி அவள். புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தியே வயசு போனவள். நகக்கண்ணில் ஏறிய அலுமினியப் பொடி எம்.எல்.ஏ. ஆன பிறகும் போகவில்லை. பட்டாசு அறை ஒன்றில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பது சட்டம், அதற்கு மேல் திணிப்பது வழக்கம். சட்டப்படி நட என்று கேட்கச் சங்கம் வைத்தாள், கம்பெனி வேன்களுக்குக் குறுக்கே ரோட்டில் உட்கார்ந்தாள், தீபாவளி சீசன் பார்த்து வேலைநிறுத்தம் செய்து முதலாளிமாரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள். இரண்டு தேர்தலில் டெபாசிட் போனது. மூன்றாவதில் ஜெயித்தது அவளுக்கே ஆச்சரியம். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அவ்வளவு ஆச்சரியமாகப் படவில்லை.

முதல் பேச்சிலேயே, சோதனைக்கு வரும் அதிகாரி கிளம்புமுன்பே கம்பெனிக்குப் போன் வந்துவிடுகிறது, ஜீப் வந்து சேர்வதற்குள் கூடுதல் ஆட்களைப் பின்வாசல் வழியாகக் கருவேலங்காட்டுக்குள் விரட்டிவிடுகிறார்கள் என்று போட்டு உடைத்தாள். அவைத்தலைவர் அத்தனையையும் நீக்கினார். மறுநாள் பேப்பரில், தொகுதி மக்களுக்கு அவள் நன்றி சொன்னாள் என்பது மட்டும் வந்தது.

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றுதான் புது வருஷக் காலண்டர் வேலைக்குப் பூஜை போடுவார்கள். சங்க நோட்டீஸ்களை அடித்துக்கொடுத்துப் பழகிய காதர் பாட்சாவும் அன்றே மெஷினை ஓட்டினார். பிளேட்டில் இல்லாத வரி தாளில் வந்தது. பிளேட்டை மாற்றினார், ரோலரைக் கழுவினார், மையை மாற்றிப் பார்த்தார். பின்வாசல், ஜீப், கருவேலங்காடு எல்லாம் வந்துகொண்டே இருந்தன. பாலம்மாளுக்குப் போன் போட்டார்.

“அக்கா, மெட்ராஸ்ல நீங்க பேசுனது இங்கன என் மெஷின்ல வந்துக்கிட்டு இருக்கு.”

“எழுத்துப்பிழை எதுவும் இருக்கா தம்பி?”

“இல்லக்கா, சுத்தமா இருக்கு.”

“அப்ப ஓட்டுங்க.”

ஜவுளிக்கடைக் காலண்டர், நகைக்கடைக் காலண்டர், மந்திரிகள் கைகூப்பிச் சிரிக்கும் காலண்டர் என்று தமிழ்நாடு முழுக்க ஆணியில் தொங்கியது அவள் பேச்சு. நல்ல நேரம் பார்க்க வந்தவர்கள் கருவேலங்காட்டையும் படித்துவிட்டுப் போனார்கள். அரசாங்கம் விசாரித்தது. ஆளுங்கட்சி தன் ஆர்டரைப் பக்கத்து மாநிலத்து அச்சகத்துக்கு மாற்றியது. அங்கேயும் வந்தது, தமிழ் தெரியாத மெஷின்காரர் அதைப் பூ டிசைன் என்று நினைத்து விட்டுவிட்டார்.

மந்திரிகளில் ஒருவர் மூளைக்காரர். இனி அந்தம்மா என்ன பேசினாலும் நீக்காதீர்கள், குறிப்பிலேயே கிடக்கட்டும், அதை யார் படிக்கிறார்கள் என்று யோசனை சொன்னார். அது பலித்தது. பாலம்மாள் தொண்டை கிழியக் கத்தினாள், ஒரு சொல்லைக்கூட நீக்கவில்லை. அவள் பேச்செல்லாம் பைண்டு செய்யப்பட்டு நூலகத்துக்குப் போய்த் தூசி குடித்தது. காலண்டரில் அந்த இடம் வெள்ளையாக வந்தது. வேண்டுமென்றே கெட்ட வார்த்தை பேசிப் பார்க்கலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அடுத்த கோடையில் ஒரு கம்பெனியில் வெடித்தது. செத்துப்போன சண்முகக்கனி, இருளாயி, ஐஸ்வர்யா மூவரும் வருகைப்பதிவில் இல்லை. எங்கள் ஆட்களே இல்லை, வேலியோரம் விறகு பொறுக்க வந்தவர்கள் என்றது கம்பெனி. இருளாயி ஒரு காலத்தில் பாலம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து செலுத்தியவள். துக்கம் கேட்கப் போனபோது, இருளாயி மகள் ஹர்ஷினி அழக்கூட இல்லை. “ஏன் சித்தி, வெறகு பொறக்கப் போறவ தூக்குச்சட்டியில சோறு கட்டிக்கிட்டு, கம்பெனி வேன்லயா போவா?” என்று கேட்டாள். செத்தவளை வேலைக்காரி என்று ஒப்புக்கொள்ளக்கூட மனசில்லாதவர்களை நினைத்துப் பாலம்மாளுக்கு வந்த ஆத்திரம் சென்னை போய்ச் சேரும்வரை தணியவில்லை.

சபையில் எழுந்து மூன்று பேரையும், அவர்கள் ஊரையும், எந்த அறையில் என்ன மருந்து செலுத்தினார்கள் என்பதையும் நிதானமாகச் சொன்னாள். பிறகு அவைத்தலைவரைப் பார்த்தாள்.

“ஐயா, இதக் குறிப்புல வச்சீகன்னா, அவுக அந்தக் கம்பெனியில வேலை பாத்தவுகளா இல்லையான்னு தொழிலாளர் மந்திரி இங்கனயே பதில் சொல்லியாகணும். எடுத்தீகன்னா வீட்டுக்கு வீடு தொங்கும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

அவைத்தலைவர் மந்திரியைப் பார்த்தார். மந்திரி கீழே விழாத பேனாவைக் குனிந்து தேடினார். பெயர்கள் நீக்கப்பட்டன.

அந்த ஆடிப்பெருக்குக்குப் பெயர்கள் சூலத்துக்கு மேலே வரவில்லை. வெடித்த கம்பெனி தன் வியாபாரிகளுக்குக் கொடுக்க அடித்த காலண்டரில், லட்சுமி படத்துக்கு மேலே கம்பெனிப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், கொட்டை எழுத்தில் வந்தன. திரும்ப அடித்தார்கள், திரும்பவும் வந்தன. பட்டாசுப் பெட்டி லேபிளிலும் அப்படியே. வடக்கிலிருந்து வியாபாரிகள் போன் செய்து, சண்முகக்கனி இருளாயி ஐஸ்வர்யா கம்பெனிக்கு எந்தப் பேரில் ஆர்டர் போடுவது என்று கேட்டார்கள். லோடு ஏறவில்லை. சீசன் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. முதலாளி ராஜபாண்டியன், இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பார்த்தார். அம்மனும் இதில் தலையிடவில்லை. கடைசியில், மூவரும் எங்கள் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது இறந்தவர்கள் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அன்று மாலையே லேபிளில் கம்பெனிப் பெயர் திரும்பி வந்தது. ஹர்ஷினி அந்தக் காகிதத்தைப் படித்தபோதுதான் வாய்விட்டு அழுதாள்.

இப்போதெல்லாம் பாலம்மாள் எழுந்தால், வைக்கவா எடுக்கவா என்று அவைத்தலைவர் அவளிடமே கேட்டுக்கொள்கிறார். தொகுதிக்கு ரோடு, தண்ணீர் என்றால் வைக்கச் சொல்கிறாள். மற்றதற்கெல்லாம், எடுத்துருங்க ஐயா என்று சொல்லிவிட்டு உட்கார்கிறாள்.