வட்டிக்குப் பால்

கிறிஸ்மஸுக்கு அண்ணன் குடும்பத்தோடு வருகிறான் என்று தெரிந்ததிலிருந்து ஏசுரத்தினத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. அண்ணன் தூத்துக்குடியில் கிளார்க். தம்பியோ மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவன். லயம் என்கிற தொழிலாளர் வரிசைவீட்டில் ஒரே அறை, ஓர் அடுப்படி. அந்தக் குறையெல்லாம் அண்ணன் கண்ணில் படாதபடி செய்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

எஸ்டேட்டுக்குக் கீழே அமிர்தநாதனின் மளிகைக் கடை; கேட்டால் கறி, துணிமணி, ரேடியோ எல்லாம் வரவழைத்துத் தருவார். கையில் காசில்லாவிட்டாலும் பற்று எழுதிக்கொண்டு கொடுப்பார். வட்டி உண்டு. ஆட்டுக்கறி, கேக், அண்ணன் பிள்ளைகளுக்கு வெல்வெட் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டிரான்சிஸ்டர் என்று ஏசுரத்தினம் அள்ளிக்கொண்டு வந்தான்.

"இதையெல்லாம் எப்பிடிங்க அடைக்க?" என்றாள் மனைவி கத்தரீனாள்.

"ஒனக்குந்தான சேலை எடுத்திருக்கேன். பொறவு என்ன?"

அவள் சேலையை விரித்துப் பார்த்தாள். அந்த ஊதாச் சேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. மாதா கோயிலில் பெண்கள் திரும்பிப் பார்த்ததும் பிடித்திருந்தது.

ஊருக்குக் கிளம்பும்போது அண்ணன் டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். "நல்லாருக்கே" என்றான். "எடுத்துட்டுப் போண்ணே" என்று சொல்லிவிட்டான் தம்பி. அண்ணன் வேண்டாம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஜீப் வளைவில் மறைகிறவரை அதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜனவரியில் உறைபனி கொட்டியது. தேயிலைச் செடிகள் தீயில் வாட்டினாற்போல் கருகிப்போக, கொழுந்து இல்லை, கூலியும் பாதியானது. கத்தரீனாள் அரிசிக்குப் போனபோது அமிர்தநாதன் படியைத் தொடவில்லை.

"பழைய பாக்கி தீராம அரிசி கெடையாதும்மா."

"பச்சப்பிள்ள இருக்கு, அண்ணாச்சி."

"இருக்கட்டும். பிள்ளையவா கேக்கேன்? ஒங்க மாடு சினையாத்தான நிக்கி? கொண்டாந்து எங்கொட்டில்ல கட்டு. அசல நீங்க கூலியில அடைங்க. கன்னு போட்டா, பால் வட்டிக்குச் சரியாப் போவும். புல்லு மட்டும் நீ போட்டுரணும்."

அந்த மாட்டைக் கன்றாக வாங்கி வளர்த்தவள் அவள். புருஷனிடம் சொன்னாள். "மாடு எங்க போயிரப் போவுது? கண்ணு முன்னாலதான நிக்கப் போவுது" என்று அவன் புரண்டு படுத்துக்கொண்டான். டிரான்சிஸ்டரைத் திருப்பி அனுப்பச் சொல்லி அண்ணனுக்கு எழுதலாமா என்று அவள் மெல்லக் கேட்டதற்குத்தான் எழுந்தான். எழுந்து கன்னத்தில் அறைந்தான்.

அன்றிலிருந்து பகலெல்லாம் மலையில் வேலை, பொழுது சாய்ந்தால் புல் அறுப்பு. புல்லுக்கட்டைச் சுமந்து கடைக்குக் கொண்டுபோய்க் கொட்டிலில் போட்டால் மாடு அவள் கையை நக்கும். மாசிக் குளிரில் ஒருநாள் அப்படிப் போனபோது பக்கத்தில் ஒரு கிடாரிக் கன்று நின்றது. கன்று போட்ட சேதியை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. சீம்பாலை அமிர்தநாதனின் வீட்டார் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்து முடித்திருந்தார்கள்.

பிள்ளை வயிற்றோட்டம் நின்று துவண்டு கிடந்தபோது, அதே கடையில் காசு கொடுத்து ஆழாக்குப் பால் வாங்கினாள். தன் மாட்டுப் பால்தான். தண்ணீர் கலந்திருந்தது. கேட்கவில்லை, கேட்டால் அதுவும் இல்லாமல் போகும்.

ஊதாச் சேலையைப் பக்கத்து லயத்துக் குருவம்மாளுக்குக் கால்விலைக்குக் கொடுத்தாள். ராத்திரிச் சோற்றை விட்டுக் கப்பைக் கிழங்குக்கு மாறினாள். ஏசுரத்தினம் மட்டும் சோறு கேட்டான்; அவனுக்குப் போட்டாள். மழை விழுந்து கொழுந்து மறுபடி துளிர்த்த மே மாதம், கடைசிப் பாக்கியை மேசைமேல் வைத்தாள். அமிர்தநாதன் எண்ணிப் பார்த்துச் சிரித்தார்.

"நாணயமானவ நீ. மாட்ட அவுத்துக்கிட்டுப் போ."

அவள் மாட்டையும் கன்றையும் அவிழ்த்தாள்.

"கன்ன விடு. அது எங்கொட்டில்ல விழுந்தது. நீ வச்சது ஒரு உருப்படி, திருப்பித் தாரது ஒரு உருப்படி. நாயமாச் சொல்லு, சரிதான?"

"வயித்துல வச்சுத்தான அண்ணாச்சி கொண்டாந்து கட்டுனேன்!"

"வயித்துல இருந்ததுக்கு யாரு சாட்சி?" என்றார். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

மாட்டை இழுத்துக்கொண்டு நடந்தாள். அது கீழே பார்த்துக் கத்திக்கொண்டே வந்தது. வீட்டில் கறக்க உட்கார்ந்தால் உதைத்தது. கன்று முட்டாமல் நாட்டு மாட்டுக்குப் பால் இறங்குமா? மடி கல்லாய்க் கனத்து, மாடு தீவனத்தில் வாய் வைக்காமல் நின்றது. மூன்றாம் நாள் அவளே கடைக்குப் போனாள். அமிர்தநாதன் அவளுக்காகவே காத்திருந்தவர்போல் ஒரு விலை சொன்னார். கிறிஸ்மஸுக்கு வாங்கிய டிரான்சிஸ்டரின் விலையை விட அது அதிகம்.

"எழுதிக்கிடட்டுமா?"

"எழுதுங்க."

கன்றோடு வந்தவளைப் பார்த்து ஏசுரத்தினம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "பாத்தியா, அண்ணாச்சி தங்கமான மனுசன்" என்று கன்றின் நெற்றியைத் தடவினான்.

அவள் சொம்போடு உட்கார்ந்தாள். கன்று ஓடிவந்து முட்டியதும் பால் சரசரவென்று இறங்கியது. வாய் நனைகிற அளவு குடிக்கவிட்டு, அதைப் பிடித்திழுத்துத் தூணில் கட்டினாள். கன்றுக்கென்று ஒரு காம்பை விட்டுவைப்பது வழக்கம். அதையும் கறந்தாள். கன்று கயிற்றை முறுக்கிக்கொண்டு அலறியது. துணியால் அதன் வாயைச் சுற்றிக் கட்டிவிட்டு, பால் ஆறுவதற்குள் விற்றுவிட வேண்டுமே என்று கங்காணி வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தாள்.