மண்ணுக்குள் வைத்த தட்டு

எங்கள் பொறுப்பாளர் அப்புத்துரை கொழும்பில் சில கிழமைகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவர். அதன்பிறகு அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. தெரிந்தது எது என்பதுதான் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

புதுக்குடியிருப்பில் எங்கள் அலுவலகம், இடப்பெயர்வில் பிரிந்துபோனவர்களைத் தேடிக் கொடுத்தது. விலாசங்கள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டருக்குள். அதில் இரண்டு தட்டுகள், அதாவது ஹார்ட் டிஸ்க்குகள். நான் அடிப்பது இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும். ஒன்று செத்தால் மற்றதை வைத்து எழுப்பலாம்.

வன்னியில் எவரும் உள்ளதையெல்லாம் ஒரே இடத்தில் வைப்பதில்லை. நகையில் பாதி இடுப்பில், பாதி மண்ணுக்குள். ஷெல் விழுந்தாலும் ஒன்று மிஞ்சும். நல்ல புத்திதான். அதை அப்புத்துரை கம்ப்யூட்டருக்கும் பாவித்தார். இரண்டாவது தட்டைக் கழற்றி, பொலித்தீனில் சுற்றி, பிஸ்கட் தகரத்தில் போட்டு, உடையார்கட்டில் மாமியார் வளவில் புதைக்கப் புறப்பட்டார்.

“சேர், கழட்டினா இண்டையோடை அது நிண்டிடும். இனி நான் அடிக்கிறது அதிலை விழாது,” என்றேன்.

“பிள்ளை, காணி உறுதிப் பத்திரத்தை மண்ணுக்கை வைச்சா எழுத்து அழிஞ்சு போகுமே?”

உறுதியில் தினமும் புது எழுத்து எழுதுவதில்லை என்று அந்த மண்டைக்குள் யார் ஏற்றுவது? கம்ப்யூட்டர் இருக்கக் கடதாசி எதற்கு என்று, விலாசம் எழுதி வரும் துண்டுகளையும் பதிந்த கையோடு எரிக்கவைத்தார்.

மாதங்கள் போயின. முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த புனிதம் என்ற தாய், காணாமல்போன மகள் கம்சாவை, தட்டைப் புதைக்க முன்னமே எங்களிடம் பதிந்திருந்தா. மகளின் விலாசம் பல கை மாறி ஒரு துண்டில் வந்தது. அதைப் பதிந்து, துண்டை எரித்துவிட்டுத் தாய்க்குச் சொல்லியனுப்பினேன். அவா வந்து கதிரையில் இருந்த அன்றைக்குத்தான் முதல் தட்டு கரகரவென்று இழுத்துச் செத்தது.

அப்புத்துரை கலங்கவில்லை. உடையார்கட்டுக்கு ஓடி, தகரத்தைச் சாமி தூக்குவதுபோல் தூக்கிவந்தார். வயரை மாற்றிக் கொழுவி, தொடக்கி வைக்கும் பிளொப்பியைப் போட்டேன். கம்ப்யூட்டர் எழும்பியது.

“பாத்தியா?” என்றார்.

எழும்பியது, புதைத்த அன்றைய கம்ப்யூட்டர். கம்சாவின் பெயர் வந்தது. விலாசம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அப்புத்துரை தொண்டையைச் செருமினார். “உங்கடை மகளைப் பற்றி இன்னும் ஒண்டும் வரேல்லை, அம்மா.”

நான் இடைமறித்தேன். “வந்தது அம்மா. உயிரோடை இருக்கிறா. திருகோணமலைப் பக்கம். ஊர்ப்பேர் எனக்கு ஞாபகமில்லை. பழுதான தட்டிலை கிடக்கு.”

புனிதம் அழவில்லை. மேசையில் கிடந்த செத்த தட்டைப் பார்த்தா.

“அதை எனக்குத் தாங்கோ. ஆராவது தெரிஞ்ச ஆக்கள் பாத்துச் சொல்லுவினம்.”

“தரேலாது அம்மா. அலுவலகச் சொத்து. பத்திரமா வைக்கவேணும்,” என்றார் அப்புத்துரை.

அன்று பின்னேரம் அவர் அந்தத் தட்டையும் பொலித்தீனில் சுற்றி, பிஸ்கட் தகரத்தில் போட்டு, உடையார்கட்டுக்குப் புறப்பட்டார்.