ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர்

1

“வண்டிய ஓட்டினது யாரும்மா?”

கணினித் திரையிலிருந்து நடுவர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். (எழுத எழுத அது கதையாக மலர்ந்து... அடித்துவிட்டேன். அழகாக இருக்கிறது, உண்மையில்லை.)

2

முதல் தொடக்கம்: ஸ்டாக்டன் நகரில் அன்று வெயில்... (வெயிலுக்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை.)

இரண்டாவது: வீடுவீடாக உணவு அனுப்பும் அந்த நிறுவனத்தின் செயலியில் ‘சம்மதம்’ என்று தொட்டால்தான் ஓட்டுநர் வேலை. தொட்டவர்கள் நீதிமன்றம் போகக்கூடாது, சேர்ந்து வழக்காடக்கூடாது. ஒவ்வொருவரும் தனியாக ஒரு நடுவர் முன் நிற்கவேண்டும். சரியென்று, நிறுவனத்தின்மேல் குறையுள்ள ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தனித்தனியாக வந்து நின்றார்கள். நிறுவனம் திணறியது. முதலில் பத்துப் பேரை விசாரிப்பது, அதைப் பார்த்து மற்றவர்களுக்கு முடிவு செய்வது என்றானது.

பத்தில் ஒருத்தி என் சித்தி யெசேனியா.

சித்தி ஒருநாளும் ஓட்டியதில்லை. இந்த நாட்டில் தங்கி வேலை செய்ய அம்மாவிடம் காகிதங்கள் இல்லை. அதனால் சித்தி பெயரில் அம்மா ஓட்டினாள். எங்கள் தெருவில் பாதிப்பேர் அப்படித்தான். உணவு கொண்டுபோகையில் நடந்த விபத்தில் அம்மாவின் முழங்கால் போனதும், செயலியில் சித்தியின் கணக்கை நிறுவனம் மூடிவிட்டது. அத்தனை ஆயிரத்தில் நம்மை யார் பார்க்கப்போகிறார்கள் என்று சித்தி பெயரிலேயே வழக்குப் போட்டோம்.

3

(சித்தியை நான் சரியாக எழுதவில்லையோ? அளவுக்கு மீறிச் சிரிக்கிறாள். ஆனால் அவள் அப்படித்தான்.)

“பேரு என்னுது, முழங்கால் உன்னுது. ரெண்டையும் தச்சு ஒரே ஆளா அனுப்பலாமாக்கா?”

அம்மா சிரிக்கவில்லை. “நான்னு சொன்னா என்னைப் புடிச்சு நாடு கடத்திடுவாங்க. நீன்னு சொன்னா, எனக்கு வலிச்சதெல்லாம் யாருக்குடி வலிச்சது?”

பள்ளியை விட்டபின், உணவுப் பைகளைத் தூக்கிக்கொண்டு மாடியேற, அம்மாவின் பக்கத்து இருக்கையில் இருந்தது நான். அதனால் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

4

முடிவுகள்.

‘சித்தி’ என்கிறேன். பொய். ஆனால் காத்திருக்கும் மற்றவர்களுக்கு வழி திறக்கலாம்.

‘அம்மா’ என்கிறேன். வழக்கு விழும். அவர்களையும் இழுத்துக்கொண்டு விழலாம்.

நான் எதுவும் சொல்லாமல்...

(இதை முடிக்கத் தெரியவில்லை. நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.)

எங்கள் வீட்டில், கணினிக்கு முன் என் பக்கத்தில் இருந்த சித்தி மேசைக்கடியில் என் கையை அழுத்தினாள். “அவசரமில்லம்மா,” என்றார் நடுவர். திரையில் படாமல் குளிர்பெட்டியோரம் நின்றிருந்தாள் அம்மா. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் நொண்டியபடி என் பின்னால், திரைக்கு நேராக, நடுவர் பார்க்க, மெதுவாக நடந்துவந்தாள். சுவர் ஆணியிலிருந்து வண்டிச்சாவியை எடுத்தாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.