பூட்டுக்கு ஒன்று, மூட்டைக்கு ஒன்று

"சொல்லுண்ணே! ஊர்ல விழுந்ததச் சொல்லு!"

கோர்ட்டு வாசற்படியிலிருந்து கருப்பி கத்தியே விட்டாள். போலீஸ்காரர் அவள் கையைப் பிடித்து வெளியே இழுப்பதற்குள், கூண்டில் நின்ற அண்ணன் இருளாண்டி அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"ஆமாங்கய்யா. மூட்டைய எடுத்ததுக்கு ஊர்க்கூட்டத்துல விழுந்துட்டேன். அரிசியவும் திருப்பிக் குடுத்தாச்சு. குன்றக்குடிக் காவடிக்கு ஊரோட வரக்கூடாதுன்னுட்டாக, அதுக்கும் தலையாட்டியாச்சு. அது தீந்துபோச்சுங்கய்யா."

அவனுக்காக வாதாடிய வீரையா வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். மாஜிஸ்திரேட் குனிந்து எழுதினார். தீர்ப்பு சாப்பாட்டுக்கு அப்புறம் என்றார்கள்.

அரிசிக்குப் பஞ்சமான வருஷம் அது. புதுவயல் மில்லில் நாள் முழுக்க நெல் அவித்துவிட்டு இருளாண்டி வெறுங்கையோடு வீடு வருவான். பெண்டாட்டி சின்னத்தாயிக்கு நிறைமாதம். ஒருநாள் மில்லின் பின்கதவுப் பூட்டை உடைத்து ஒரு மூட்டையைத் தூக்கி வந்துவிட்டான். விடிந்ததும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. ஊர்த்தலைவர் தங்கச்சாமி அம்பலம் கூட்டம் போட்டார். அவர்கள் ஊரில் ஒருவன் கூட்டத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தால் அந்தப் பேச்சு அதோடு சரி. பிறகு யாராவது குத்திக்காட்டினால், காட்டினவன்தான் விழவேண்டும். மில்லுக்காரரும் வந்திருந்து சரியென்றுவிட்டுப் போனார். ஆனால் அதற்கு முன்பே மில் கணக்கப்பிள்ளை போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார்.

கருப்பி கோர்ட்டுக்கு வெளியே புளியமரத்தடிக்கு வந்தபோது வக்கீல் அங்கே நின்றிருந்தார்.

"ஏம் புள்ள, நான் என்ன சொன்னேன்?" வக்கீலுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. "எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லச் சொன்னேன். அவன் எடுத்ததப் பாத்தவன் ஒருத்தன் கெடையாது. இப்ப அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்."

"தீந்துபோனதுன்னு சொன்னா விட்டுருவாகன்னு நெனச்சேன்யா. ஊர்ல குடுத்தத இங்க கழிச்சுக்க மாட்டாகளா?"

"மாட்டாக. சர்க்காருக்கு ஒங்க அம்பலத்தத் தெரியாது. பூட்ட ஒடச்சது ஒரு குத்தம். மூட்டைய எடுத்தது இன்னொண்ணு. ரெண்டுக்கும் தனித்தனியாக் குடுக்கலாம்."

"ஒடைக்காம எப்புடிய்யா எடுக்கிறது?"

"அதத்தான் நானும் இங்கிலீசுல கேக்கப்போறேன். ரெண்டையும் ஒண்ணா அனுபவிக்கட்டும்னு ஐயா எழுதுனா தப்பிச்சான். எழுதலைன்னா, ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது ஆரம்பிக்கும்."

"எழுதுவாகளா?"

"அவுக மனசு." அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு காப்பிக்கடைப் பக்கம் நடந்தார்.

மரத்துக்கு அங்குட்டு இருளாண்டி குத்தவைத்திருந்தான். விலங்கின் மறுமுனையைப் பிடித்திருந்த போலீஸ்காரர் ஒரு கையால் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார்.

"வாம்மா வக்கீலம்மா!" என்றார் அவர். "ஒங்கண்ணனுக்கு ரெண்டு வக்கீலு. அதான் ரெண்டு தண்டன."

இருளாண்டி சிரித்துவிட்டான். கருப்பிக்குத்தான் அழுகை முட்டியது. அண்ணனுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"என்னாலதாண்ணே."

"சும்மா கெட. பொய் சொல்லி நிக்க எனக்கும் முடியல." அவன் குரல் களைத்துக் கிடந்தது. "மதினிக்கு வலி எடுத்தா அக்கம்மாக் கெழவிய கூப்புடு. பிள்ள பெறக்கையில நான் இருக்கமாட்டேன், அது தெரிஞ்சுபோச்சு. தவழுறதுக்குள்ளயாவது வந்துரணும்."

உள்ளே மணி அடித்தது. போலீஸ்காரர் கையைக் கழுவிவிட்டு விலங்கைச் சுண்டினார். இருளாண்டி எழுந்தான். ரெண்டடி நடந்தவன் நின்று திரும்பினான்.

"ஏ கருப்பி, நீ எட்டு வரைக்கும் படிச்சவ. ஊர்ல விழுந்தது ஒண்ணு, பூட்டுக்கு ஒண்ணு, மூட்டைக்கு ஒண்ணு. நான் செஞ்சது ஒரு தப்பா, மூணு தப்பா?"